ஊசிமருந்தோடு ஒரு கோடைப் பயணம்

மே மாதம் பிறந்துவிட்டால் பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊருக்குப் புறப்படும் ஏற்பாடுகள் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு விடுமுறை, ஊரில் கோவில் கொடையோ உறவினர் திருமணமோ காத்திருக்கும். துணிமணி, தின்பண்டம், மாத்திரைப் பெட்டி ஆகியவற்றோடு இப்போது சில வீடுகளின் பயணப் பையில் புதிதாக ஒரு பொருளும் இடம்பெறுகிறது. அது வாரத்திற்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைகுறைப்பு ஊசிமருந்து.

டிர்செபடைடு என்னும் மருந்து ‘மவுன்ஜாரோ’ என்ற பெயரில் 2025 மார்ச் மாதம் இந்தியச் சந்தைக்கு வந்தது. செமாக்ளூடைடு மருந்து ‘வெகோவி’ என்ற பெயரில் அதே ஆண்டு ஜூன் மாதம் வந்தது. இவை இரண்டும் மருத்துவரின் சீட்டு இன்றி வாங்கக் கூடாதவை. இவற்றிற்கான தேவை நம் நாட்டில் சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 25.4 கோடிப் பேருக்கு உடற்பருமனும் உள்ளதாக அது மதிப்பிட்டது. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் மாதத்தோடு முடிவுறுவதால், பல நிறுவனங்களின் தயாரிப்புகள் இனி நம் கைக்கு வரும். பயன்படுத்துவோர் எண்ணிக்கையும் பெருகும்.

ஆனால் இம்மருந்தை வெயிலில் எவ்வாறு கொண்டுசெல்வது என்பதை நம்மில் பலர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

வெயிலுக்கு அஞ்சியவனின் கதை

நீரிழிவும் கூடுதல் எடையும் இருந்ததால், மருத்துவர் அறிவுரைப்படி சென்ற ஆண்டு இந்த ஊசியைத் தொடங்கினேன். சிறு கண்ணாடிக் குப்பிகளில் வரும் வகை. ஒரு குப்பி ஒரு வாரத்திற்கு. ஞாயிறு தோறும் போட்டுக்கொள்வேன். மே மாதத்தில் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குக் கொடை விழாவுக்காகக் குடும்பத்தோடு காரில் புறப்பட்டேன். ஒரு சனிக்கிழமை விடியலில் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், மதுரை வழியாக 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். கத்திரி வெயில் காலம். இரண்டு குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ஃப்ரீசரில் இரவெல்லாம் இறுகிக் கிடந்த நான்கு ஜெல் பைகளை அவற்றைச் சுற்றி நெருக்கமாக அடுக்கினேன். மருந்தைப் பாதுகாத்துவிட்டோம் என்ற நிறைவோடு வண்டியை எடுத்தேன்.

கரூரைத் தாண்டி உணவுக்காக நிறுத்தியபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். குப்பிகளுக்குள் இருந்த மருந்து பனிக்கட்டியாக உறைந்திருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது அது உருகித் தெளிந்த நீர்போல் ஆகிவிட்டது. “தண்ணி மாதிரி தெளிவாத்தானே இருக்கு, தம்பி? ஏழாயிரம் ரூபா மருந்தைத் தூரப் போடுவாங்களா?” என்றார் அக்கா. எனக்கும் அந்த எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் பக்கத்து வீட்டில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் குடியிருக்கிறார். அவரிடம் காட்டினோம். குப்பியோடு வந்த தாளை வாங்கிப் படித்தவர் உடனே சொன்னார்: “அண்ணாச்சி, உறைஞ்சா போடக் கூடாதுன்னு இதுலயே இருக்கு. எங்க தடுப்பூசியிலும் இதே கதைதான். வெயிலைவிட ஐஸைப் பார்த்துத்தான் நாங்க ரொம்பப் பயப்படுவோம்.”

செவிலியர் கற்பித்த பாடம்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிராமங்களுக்குத் தடுப்பூசி செல்லும் சிறிய பெட்டியை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அதன் நாற்புறமும் நான்கு ஐஸ் பைகள் இருக்கும். அவற்றை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே பெட்டிக்குள் வைப்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். வெளியே சிறிது நேரம் வைத்திருப்பார்கள். மேற்புறம் வியர்க்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஒலி கேட்க வேண்டும். அதன் பிறகே அது பெட்டிக்குள் செல்லும். ஃப்ரீசரிலிருந்து நேராக வரும் ஐஸ் பையின் குளிர் பூச்சியத்திற்கும் வெகு கீழே இருக்கும். வியர்த்த பையின் குளிர் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். மஞ்சள் காமாலை பி, ரணஜன்னி போன்ற நோய்களுக்கான தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகும் என்பதற்காகவே இந்த நடைமுறை.

நம் ஊசிமருந்துக்கும் இதே காரணம் பொருந்தும். உணவு உண்டபின் நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன், போதும் என்ற உணர்வை மூளைக்குத் தருகிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. இயற்கையான அந்த ஹார்மோன் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும. அதைப் போன்றே செயல்பட்டு, ஆனால் பல நாள் நிலைக்குமாறு உருவாக்கப்பட்டவையே இம்மருந்துகள். செமாக்ளூடைடின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரமும், டிர்செபடைடுக்கு ஏறத்தாழ ஐந்து நாளும் ஆகும். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவான மூலக்கூறுகள் இவை. மிகுந்த வெப்பம் இச்சங்கிலியைச் சிதைக்கும். உறையும்போது நீர் பனிப்படிகமாகப் பிரிந்துவிட, மருந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கித் திரளக்கூடும். உருகிய பின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் மருந்து பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று கொள்ள முடியாது. பேனா வடிவில் வருவதாயின், உள்ளிருக்கும் கண்ணாடிக் குழலில் விரிசலோ காற்றுக்குமிழியோ ஏற்பட்டு அளவும் பிசகலாம்.

எத்தனை டிகிரி, எத்தனை நாள்?

பயன்படுத்தத் தொடங்காத மருந்துக்குரிய இடம், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்பதனப் பெட்டி. இது அனைத்து வகைக்கும் பொது. குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே வைப்பதற்கான சலுகைதான் வகைக்கு வகை மாறுகிறது.

டிர்செபடைடின் ஒற்றை வேளைக் குப்பி 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 21 நாள்வரை இருக்கலாம். அதே மருந்தின் பலவேளைப் பேனாவை முதல் ஊசி போட்டபின் 30 டிகிரிக்குள் 30 நாள்வரை பயன்படுத்தலாம். வெகோவியின் பலவேளைப் பேனா, முதல் ஊசிக்குப் பின் 30 டிகிரிக்குள் ஆறு வாரம் தாங்கும். நாள்தோறும் போடும் லிராக்ளூடைடு பேனாவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். புதிய நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கு இந்நாட்கணக்கு வேறுபடலாம் என்பதால், உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டுள்ளதே உங்களுக்கு இறுதி.

இரண்டு செய்திகளை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வெளியே இருந்த மருந்தை மீண்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் நாட்கணக்கு முதலிலிருந்து தொடங்குவதில்லை. எடுத்த தேதியைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிவிடுவது நல்லது. இரண்டாவது, ‘அறை வெப்பநிலை’ என்னும் சொல்லை நம் ஊர் அறைக்குப் பொருத்தக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவிலேயே 2016 ஏப்ரலில் வெப்பநிலை 39.2 டிகிரியைத் தொட்டது. மே மாதத்தில் மதுரை, திருச்சி, வேலூர் வீடுகளின் மின்விசிறிக் காற்றே 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். தாளில் உள்ள 30 என்ற எல்லை, கோடைத் தமிழ்நாட்டில் குளிரூட்டிய அறைக்கே பொருந்தும்.

என் செய்கையின் விந்தையையும் இந்த எண்கள் காட்டின. குளிரூட்டிய காரில், என் கைப்பையில், ஐஸ் இல்லாமலேயே குப்பிகளை வைத்திருந்தால் பத்து மணி நேரப் பயணத்தில் அவற்றுக்கு ஒன்றும் நேர்ந்திராது.

வழியில் செய்ய வேண்டியவை

காரில் செல்வோர் மருந்தைப் பின்பெட்டியிலோ முன்கண்ணாடிக்குக் கீழோ வைக்கக் கூடாது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது, வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். சாப்பிட இறங்கினாலும் மருந்துப் பையும் உடன் இறங்க வேண்டும். பேருந்தின் அடிப்பகுதிச் சரக்கறை, இருசக்கர வாகனத்தின் பெட்டி ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை.

குளிர்ப்பை எடுத்துச் செல்வதாயின், ஜெல் பை வியர்க்கும் வரை காத்திருந்து, அதை ஒரு துண்டில் சுற்றி வையுங்கள். மருந்தைத் தனியாக ஒரு சிறு டப்பாவில் இட்டு, டப்பாவுக்கும் ஜெல் பைக்கும் இடையே இன்னொரு மடிப்புத் துணி இருக்கட்டும். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் காட்டும் சிறு மின்னணு வெப்பமானி ஒன்றையும் உள்ளே வைத்துவிட்டால் ஊகத்திற்கு இடமில்லை.

இரவு ரயிலில் குளிரூட்டிய பெட்டி எளிய தீர்வு. சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியில் செல்வோருக்குக் குளிர்ப்பை தேவை. விமானத்தில் மருந்து கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியின் வெப்பமும் குளிரும் நம் கட்டுப்பாட்டில் இல்லை, பெட்டி வழிதவறினால் மருந்தும் போய்விடும். மருத்துவர் சீட்டு, மருந்தின் அசல் அட்டைப்பெட்டி இரண்டையும் உடன் வைத்துக்கொண்டு, ஊசியும் ஜெல் பையும் இருப்பதைப் பாதுகாப்புச் சோதனையில் நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

நீரில் நனைத்தால் குளிரும் பைகளும் கடைகளில் கிடைக்கின்றன. மண்பானைத் தத்துவமே அவற்றில் வேலை செய்கிறது: நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பங்குனி மாதத்துப் பெங்களூருவின் வறண்ட காற்றில் பானை நீர் நன்றாகக் குளிர்வதையும், சென்னையிலோ தூத்துக்குடியிலோ புழுக்கமான நாளில் அவ்வளவு குளிராததையும் நாம் அறிவோம். இப்பைகளும் அப்படியே. இவை மருந்தை 8 டிகிரிக்குக் கொண்டுவர மாட்டா. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குள் வைக்க வறண்ட உள்மாவட்டங்களில் உதவும், ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊர்களில் கைவிடக்கூடும்.

போய்ச் சேர்ந்த இடத்தில்

உறவினர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நடுத்தட்டின் முன்பகுதியே ஏற்ற இடம். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும் வாய்ப்புண்டு. கதவுத் தட்டில் வெப்பம் ஏறி இறங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து அன்பிலிருந்து வரும். ‘மருந்தாயிற்றே, நன்றாகக் குளிரட்டும்’ என்று யாரேனும் அதை ஃப்ரீசருக்கு மாற்றிவிடுவார்கள். டப்பாவின் மேல் ‘ஊசிமருந்து, ஃப்ரீசரில் வைக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மின்வெட்டு நேர்ந்தால் கதவை அடிக்கடி திறக்க வேண்டாம் எனச் சொல்லிவையுங்கள்.

விடுதி அறைகளில், சாவி அட்டையை எடுத்தவுடன் சிறிய குளிர்பதனப் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடுவதுண்டு. வரவேற்பறையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம்.

பயன்படுத்திய ஊசிமுனையைப் பேனாவிலேயே விட்டுவைக்கக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் சேர்த்து, மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்து அபாயக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள். ரயிலின் குப்பைத்தொட்டியில் நாம் போடும் ஊசி, துப்புரவுப் பணியாளரின் கையில் ஏறும்.

ஒரு வாரம் தவறினால்

குப்பிகளை இழந்த மறுநாள் காலை என் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “நான்கு நாளுக்குள் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள்; அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறன்று வழக்கம்போலப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்” என்றார். எங்கள் ஊரிலும் அருகிலிருந்த சிற்றூர்களிலும் அப்போது அம்மருந்து கிடைக்கவில்லை. செவ்வாயன்று கொடை முடிந்து, புதன் இரவு பெங்களூரு திரும்பி, புதுக் குப்பி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

தவறிய ஊசிக்கு டிர்செபடைடு நான்கு நாளும் செமாக்ளூடைடு ஐந்து நாளும் அவகாசம் தருகின்றன. பயணத்தை ஒட்டி ஊசி போடும் கிழமையை மாற்ற விரும்பினால், இரண்டு ஊசிகளுக்கிடையே குறைந்தது மூன்று முழு நாள் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய அளவிலேயே தொடரலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரத்திற்குள் திரும்பிவிடும் சிறு பயணமெனில், புறப்படும் முன் ஊசியைப் போட்டுக்கொண்டு மருந்தை வீட்டிலேயே விட்டுச் செல்வதைப்போல எளிதான வழி வேறில்லை.

மருந்தைப் போலவே உடலையும்

கோடையில் காக்க வேண்டியது மருந்தை மட்டுமன்று. இந்த ஊசி பசியைக் குறைப்பதோடு சிலருக்குத் தாகத்தையும் குறைத்துவிடுகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை இதன் பரவலான பக்கவிளைவுகள். 40 டிகிரி வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடலின் நீர்ச்சத்து விரைவில் குன்றும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல், நேரம் குறித்து நீர் அருந்த வேண்டும். நீர்மோர் நல்ல துணை. பதநீரிலும் பழச்சாற்றிலும் சர்க்கரை உண்டு என்பதை நீரிழிவு உள்ளோர் மறக்கலாகாது. சிறுநீர் அடர்மஞ்சளாக மாறினால் அது முதல் எச்சரிக்கை. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்.

விருந்தும் ஒரு சோதனை. இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலையில், கொழுப்பு மிகுந்த உணவை வயிறு நிறைய உண்டால் குமட்டல் நிச்சயம். “இன்னும் ஒரு கரண்டி” என்று இலையருகே நிற்கும் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதில் வெட்கமில்லை. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ உடன் எடுப்போர்க்கு உணவு குறையும்போது சர்க்கரை தாழக்கூடும். கையில் குளுக்கோஸோ மிட்டாயோ வேண்டும். முதுகுவரை பரவும் கடுமையான வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ ஏற்பட்டால், ஊர் திரும்பும் வரை பொறுக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

கணக்குப் பார்க்கும் மனம்

வணிகவியல் படித்தவர்களுக்கு ‘மூழ்கிய செலவு’ என்னும் கருத்து தெரிந்திருக்கும். ஏற்கெனவே செலவாகி, எவ்வாறாயினும் திரும்பி வராத பணம் அது. அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடன் மனுக்களைப் பரிசீலிக்கும்போது பலருக்கு நான் எடுத்துச் சொன்ன பாடம் இது. ஆயினும் உருகிய குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஏழாயிரம் ரூபாய் ஆயிற்றே’ என்று அன்றிரவு நானும் தயங்கினேன். அந்தப் பணம் கரூருக்கு முன்பே போய்விட்டது. எனக்கு முன் மிஞ்சியிருந்த கேள்வி, கெட்டிருக்கக்கூடிய ஒரு மருந்தை என் உடலில் ஏற்றலாமா என்பது ஒன்றே.

இழப்பைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. பயண நாட்களுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மாத இருப்பு முழுவதையும் வேண்டாம். செல்லும் ஊரில் அம்மருந்து கிடைக்குமா என்று மருந்துக்கடையில் முன்பே விசாரியுங்கள். மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை தெரியும்படி அட்டைப்பெட்டியைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அவசரத்தில் சமூக ஊடகங்களில் மலிவாக விற்போரை நாட வேண்டாம். போலி செமாக்ளூடைடு குறித்து உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூன் மாதம் எச்சரிக்கை விடுத்தது. உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்குவதே பாதுகாப்பு. முகம் தெரியாத விற்பனையாளருக்கு யுபிஐ வழியே முன்பணம் அனுப்பி ஏமாந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

இந்த ஆண்டும் கொடைக்குப் புறப்படப் போகிறோம். இம்முறை ஒரே ஒரு குப்பி. துண்டில் சுற்றிய, நன்றாக வியர்த்த ஜெல் பை. அதன் அருகே நூறு முறை பார்த்துக்கொள்ள ஒரு வெப்பமானி. அக்கா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. “டப்பா மேல நானே எழுதி ஒட்டிட்டேன், தம்பி. நீ தைரியமா வா” என்று தொலைபேசியில் சொன்னார் அக்கா.

(இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றை உங்கள் மருத்துவரின் அறிவுரைப்படியே செய்க.)